ஆயிரம் ரிங்கிட்டுக்குள் லாப்டாப்

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேரும் கெலுகோர் தங்கச்சி ஒருத்தி, "அண்ணே, ஆயிரம் ரிங்கிட்டுக்குள்ள லாப்டாப் கிடைக்குமா?" என்று கேட்டாள். பிடிபிடிஎன் பணம், நாளைக்குத் திருப்பிக் கட்டவேண்டியது.

கிடைக்கும். ஆனால் அந்த விலைக்கு வரும் புதுசில் பெரும்பாலும் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்புதான். விண்டோஸ் 11 ஓடவே குறைந்தது அவ்வளவு வேணும்! ரெண்டு அப்டேட் வந்தால் இடம் நிறைஞ்சிடும். பிறகு ரேமைக் கூட்டவும் பெரும்பாலும் வழியில்லை.

அதே காசுக்கு, அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லாட்டிடியூட் பழசைப் பாருங்க என்றேன். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இருக்கணும். இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியதைத் தொடாதீங்க. விண்டோஸ் 11க்கு அது தகுதி பெறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 14.10.2025இல் முடிஞ்சுபோச்சு. பேட்டரியைக் கடையிலேயே சோதிச்சுப் பாருங்க.

வீடியோ எடிட்டிங், பொறியியல் வரைபடம் என்றால்தான் 16 ஜிபிக்குக் காசு சேர்க்கணும்.

புதுசு வாங்கினால் ரசீதை அப்பாவிடம் கொடுங்க. வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட் வரை. பிள்ளைக்கு வாங்கிய கணினியும் அதில் சேரும்.