அப்பளமும் ஐந்தொகையும்

சொந்தத் தொழில் தொடங்க விழையும் நம் மாணவிகள் பலர், முதலுக்கு வழியின்மையையே பெருந்தடையாகக் கருதுகின்றனர். 1959-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், பம்பாய்க் கிர்காமில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கிய எழுவருக்கு இருந்த முதல், கடனாகப் பெற்ற 80 ரூபாயே. அன்று தேறியவை நான்கு கட்டுகள். பின்னர் ‘லிஜ்ஜத்’ எனப் பெயர் பெற்று நாடெங்கும் பரவிய தொழில் இதுவே.

நட்டம் நேரினும் நன்கொடைக்குக் கையேந்துவதில்லை என்று அவர்கள் முதலிலேயே உறுதிகொண்டனர். யாசித்த பொருளுக்குக் கணக்குக் கேட்பார் அரியர், கடனுக்கோ உளர். உயர்ந்த சரக்கு, மலிந்த சரக்கு என இருவகை செய்யப் புகுந்தபோது, அவர்கட்கு வழிகாட்டிய சகன்லால் கரம்ஸி பாரேக் என்பார் அதனை விலக்கி, ஒரே தரமாகச் செய்யவும், கணக்கை வணிகர்போல் ஒழுங்காக எழுதவும் பணித்தார். மலிந்ததை வாங்கி உண்டவர் உயர்ந்ததையும் ஐயுறுவரன்றோ?

முதலாண்டு மழையில் அப்பளம் உலராமையால் நான்கு மாதம் தொழில் நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். அந்த 80 ரூபாயினும் இக்கட்டிலையே யான் பெரிதாக மதிக்கிறேன். தையற்கடை வைக்க எண்ணும் மாணவி, பண்டிகை கழிந்து வேலை குறையும் மாதங்களின் வாடகையையும் தொடக்கக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்வாளாக.