மூளைச் செல்லில் பிஎச்.டி.: எந்த வழி உங்களுக்கு?

மூளையில் பிஎச்.டி. செய்ய எங்கே சேரலாம் என்று மதுரையின் நாகமலை புதுக்கோட்டையிலும் கோரிப்பாளையத்திலும் எம்.எஸ்சி. முடிக்கிறவர்கள் கேட்பதுண்டு. அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: மனித மூளைச் செல் உங்கள் கைக்கு எந்த வடிவில் வரப்போகிறது? ஒரு மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருந்தாலும், ஆய்வகத்தில் அதில் ஒன்றைப் பெறுவதே பெரும்பாடு. அதை நெருங்க ஐந்து வழிகள் உண்டு.

1. இறந்தவரின் மூளை

பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. உறவினர் சம்மதத்தோடு பெற்ற திசு அங்கே பாதுகாக்கப்படுகிறது. முதிர்ந்த, ஒரு வாழ்க்கையை முழுதாக வாழ்ந்து முடித்த செல் இங்கேதான் கிடைக்கும். ஆனால் அதன் மின்துடிப்பு நின்றுபோயிருக்கும். இறப்புக்கும் சேகரிப்புக்கும் இடையே நேரம் கூடக் கூட ஆர்.என்.ஏ.வும் சிதையும். நினைவிழப்பு நோய்களை ஆராய விரும்புவோருக்கு ஏற்ற வழி.

2. மூளையின் வரைபடம்

ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2022இல் தொடங்கியது. முழு மூளையை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, செல் செல்லாகத் தெரியும்படி படமெடுக்கிறார்கள். கருச்சிசுக்களின் ஐந்து மூளைகளிலிருந்து எடுத்த 5,132 சீவல்களை ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டார்கள். செல் எங்கே இருக்கிறது, எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை இது காட்டும். என்ன செய்கிறது என்பதைக் காட்டாது. கணினியில் கை ஓடுகிறவர்களுக்கு இங்கே வேலை அதிகம்.

3. வளர்த்தெடுத்த செல்

தோல் செல்லையோ ரத்தச் செல்லையோ குருத்தணுவாகத் திருப்பி, அதிலிருந்து நரம்புச் செல்லை வளர்க்கலாம். மனிதச் செல்லில் இதை விஞ்ஞானி யாமனாக்காவின் குழு 2007இல் செய்துகாட்டியது. பெங்களூரில் என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம், நிம்ஹான்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து, மனநோய் பலருக்கு உள்ள குடும்பங்களிடமிருந்து இப்படிச் செல்களை வளர்க்கின்றன. செல் உயிரோடு துடிக்கும். ஆனால் பெரும்பாலும் கருப்பருவச் செல்போலவே இருக்கும். இன்னொன்று, செல்லுக்குப் பொங்கல் விடுமுறை கிடையாது. வேளை தவறாமல் வளர்ப்பு ஊடகத்தை மாற்றப் பொறுமை வேண்டும்.

4. உயிருள்ள மூளையின் படம்

ஹரியானாவில் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில், ஆள் யோசிக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்து ஆராயலாம். அறிவாற்றலுக்கு மிக நெருக்கமான வழி இதுதான். செல்லுக்கு மிகத் தொலைவான வழியும் இதுதான்: படத்தின் ஒரே புள்ளிக்குள் லட்சக்கணக்கான நரம்புச் செல்கள் அடங்கிவிடும்.

5. மதுரையிலேயே

விழித்திரை, கருவில் மூளையிலிருந்து கிளைத்து உருவாவது. அதுவும் நரம்புத் திசுதான். அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் தானமாகப் பெற்ற மனிதக் கண்களைக் கொண்டு ஆய்வு நடக்கிறது. மனிதத் திசுவில் கை பழக, ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் நினைவும் முடிவெடுத்தலும் விழித்திரையில் நடப்பதில்லை. காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் மனிதர்களை ஆராய்வதில் ஒரு மரபுண்டு. நேரம் தெரியாத தனியறையில் ஆட்களைத் தங்கவைத்து உடற்கடிகாரத்தை ஆராய வழிசெய்தவர் அங்கிருந்த எம்.கே. சந்திரசேகரன். அது நடத்தை பற்றிய ஆய்வு. செல் பற்றியது அல்ல.

யாருக்கு எது?

விலங்கியல், பயோடெக் படித்தவர்களுக்கு முதலாவதும் மூன்றாவதும் பொருந்தும். இயற்பியல், கணினி, பொறியியல் படித்தவர்களுக்கு இரண்டாவதும் நான்காவதும். குடும்பச் சூழலால் ஊரைவிட்டு நகர முடியாதவர் ஐந்தாவதை இளப்பமாக எண்ண வேண்டாம்.

எந்த வழியானாலும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கிவிடுங்கள். 2023 ஜனவரியிலிருந்து மாத உதவித்தொகை ரூ.37,000, இரண்டு ஆண்டுகளுக்குப்பின் ரூ.42,000. என்.சி.பி.எஸ்.ஸுக்கு டி.ஐ.எஃப்.ஆர். நடத்தும் தேர்வும் ஒரு வாசல்.

சேருமுன் கைடிடம் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இப்போது ஆய்வகத்தில் எவ்வளவு மனிதத் திசு இருக்கிறது? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்துவிட்டதா? யு.ஜி.சி. 2022 விதிப்படி பிஎச்.டி.க்குப் பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டுகள். திசுவுக்குக் காத்திருக்கும் காலமும் அந்தக் கணக்கில்தான் சேரும். “வந்துரும்பா, பாத்துக்கலாம்” என்று பதில் வந்தால், வேறு ஆய்வகத்தைப் பாருங்கள்.