பாதி முடித்த பேட்ஜும் புதிய கவுன்சிலரும்

டெக்சஸில் ஒரு கவுன்சிலரிடம் பாதி முடித்த ஸ்கவுட் மெரிட் பேட்ஜை, நியூ ஜெர்சிக்குக் குடிபோன பிறகு முதலிலிருந்து செய்ய வேண்டுமா? வேலை மாறும்போதெல்லாம் ஊரும் மாறும் நம் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. வேண்டியதில்லை. ஒரு பேட்ஜின் எல்லாத் தேவைகளையும் ஒரே கவுன்சிலரிடம் (பேட்ஜ் வேலையைச் சரிபார்க்கும் பெரியவரிடம்) முடிக்க வேண்டிய கட்டாயம் ஸ்கவுட்டிங் அமெரிக்காவில் (2025 பிப்ரவரி வரை பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா) கிடையாது.

ஆனால் முடித்ததற்குச் சான்று வேண்டும். "ஏறக்குறைய முடிச்சிட்டான்" என்ற வாய்வார்த்தை செல்லாது. ப்ளூ கார்டின் (மெரிட் பேட்ஜ் விண்ணப்ப அட்டையின்) பின்பக்கத்தில், நடுப்பகுதியில், முடிந்த ஒவ்வொரு தேவைக்கும் கவுன்சிலர் இனிஷியல் போட வேண்டும். 2அ, 2ஆ என்று உட்பிரிவு இருந்தால் தனித்தனியாகவே போடச் சொல்லுங்கள். பேட்ஜ் முழுதாக முடியும்வரை கவுன்சிலர் தம் பகுதியைக் கிழித்து வைத்துக்கொள்வதில்லை. அட்டை முழுசாகப் பிள்ளையிடமே இருக்கும். இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். ட்ரூப்பில் (ஸ்கவுட் குழுவில்) ஸ்கவுட்புக் என்ற இணையப் பதிவேட்டைப் பயன்படுத்தினால், ஊரை விட்டுக் கிளம்பும் முன் அதிலும் பதிவு ஏறிவிட்டதா என்று பாருங்கள். கிளம்பிய பிறகு பழைய கவுன்சிலரைத் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு.

உண்மையான சிக்கல் நாள்கணக்கில் செய்யும் வேலைகளில்தான். பர்சனல் மேனேஜ்மென்ட் பேட்ஜுக்கு 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டும். ஃபேமிலி லைஃப் பேட்ஜுக்கு 90 நாள் வீட்டு வேலைக் கணக்கு. ஏழாவது வாரத்தில் வீடு மாறினால் அந்த ஏழு வாரத்துக்கு யாரும் இனிஷியல் போட முடியாது, தேவை முடியவில்லையே. அப்போது கணக்கு எழுதிய நோட்டுதான் சான்று. அதை லாரியில் ஏற்றும் பெட்டிகளோடு அனுப்பாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறாவிட்டாலும், கோடை முகாமிலிருந்து பாதி அட்டையோடு வருவதும் சகஜம்தான். நகர மன்றக் கூட்டத்தையோ பள்ளி வாரியக் கூட்டத்தையோ நேரில் பார்க்க வேண்டிய பேட்ஜைக் காட்டுக்குள் எப்படி முடிப்பது?

இனி, கவுன்சிலராக இருக்கும் வாசகர்களுக்கு. வேறொருவர் இனிஷியல் போட்ட அட்டையைப் பார்த்ததும், 'இவ்வளவு லேசாக விட்டிருக்கிறாரே' என்று தோன்றலாம். ஏற்க மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அது அரிதாகவே நடக்க வேண்டும் என்கிறது ஸ்கவுட்டிங் அமெரிக்காவின் விதியேடு. என் கருத்தில், பத்து நிமிடம் பேசினாலே போதும். எடுத்துக்காட்டாக, முதலுதவி பேட்ஜுக்கு என்ன செய்தாய், எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். செய்த பிள்ளை கதை கதையாகச் சொல்லும். மறுதேர்வு வைக்காதீர்கள். அச்சிட்ட தேவைக்கு மேல் எதையும் சேர்க்கவோ அதிலிருந்து குறைக்கவோ எந்தக் கவுன்சிலருக்கும் அதிகாரம் இல்லை. காரணமில்லாமல் மறுக்கிறார் என்று பிள்ளை நினைத்தால், ஸ்கவுட்மாஸ்டரிடம் சொல்லி வேறு கவுன்சிலரைத் தேடலாம். சண்டைக்குப் போக வேண்டாம்.

"ஒரு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் காலாவதி" என்று சில ட்ரூப்களில் சொல்வார்கள். தப்பு. பாதி பேட்ஜுக்கு ஒரே கெடு, பிள்ளையின் 18ஆம் பிறந்தநாள். வேறு கெடு விதிக்க ட்ரூப்புக்கோ வட்டாரக் கவுன்சிலுக்கோ உரிமை இல்லை. ஈகிள் ஸ்கவுட் தகுதிக்கு 21 பேட்ஜ் வேண்டும் என்பதால், பதினேழு வயதில் பழைய அட்டைகளைத் துழாவும் வீடுகள் நிறைய.

புதிய கவுன்சிலருக்கு மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும்: எந்த பேட்ஜ், எந்தெந்தத் தேவை முடிந்தது, எது பாக்கி, அட்டையின் படம். நகலில் உங்கள் முகவரி இருக்கட்டும். பெரியவரும் சிறுவரும் தனியாகக் கடிதம் பரிமாறிக்கொள்வதை ஸ்கவுட்டிங்கின் பாதுகாப்பு விதி அனுமதிப்பதில்லை. பதில் வந்ததும் நீங்கள் முந்திக்கொண்டு மறுமொழி போடாதீர்கள், அதையும் பிள்ளையே எழுதட்டும்.