முப்பது வயதுக்கான எலும்பு இன்றே உருவாகிறது

மாணவர்களே, "முப்பது ஆகப் போகிறது, இனி உடம்பு இறங்குமுகம்தான்" என்று உங்கள் அக்காவோ அண்ணனோ கவலைப்பட்டதைக் கேட்டிருக்கிறீர்களா? அது நமக்குத் தொடர்பில்லாத பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். ஆனால், நம் எலும்பைப் பொறுத்தவரை 30 வயது ஒரு திருப்புமுனை. அதற்கான ஏற்பாடு உங்கள் வயதிலேயே நடக்கிறது.

எலும்பு உயிருள்ளது

எலும்பு கல்லைப் போல் தோன்றினாலும் அது உயிருள்ள திசு. அதில் ஒரு வகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைக்கின்றன. இன்னொரு வகை, புதிய எலும்பைக் கட்டுகின்றன. இவ்வாறு பெரியவர்களின் எலும்புக்கூடு சுமார் 10 ஆண்டுகளில் பெரும்பாலும் புதுப்பிக்கப்பட்டு விடுகிறது.

பதின்ம வயதில், கரைவதைவிடக் கட்டப்படுவது அதிகம். பெண்கள் 18 வயதிலும் ஆண்கள் 20 வயதிலும் தங்கள் உச்ச எலும்பு நிறையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகின்றனர். 30 வயதையொட்டி அது உச்சத்தைத் தொடுகிறது. பிறகு சில காலம் சமநிலை நீடிக்கும். அதன்பின் எலும்பு நிறை மெல்லக் குறையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது வேகமாக நிகழ்கிறது. மிகவும் குறைந்துவிட்டால், அதுவே எலும்புப்புரை நோய். அப்போது இலேசாக வழுக்கி விழுந்தாலும் இடுப்பெலும்பு முறியக்கூடும்.

நம் கையில் இருப்பது

உச்ச எலும்பு நிறையின் பெரும்பங்கை மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. மீதி, உணவையும் உடலுழைப்பையும் பொறுத்தது.

டென்னிஸ் வீரர்களைப் பாருங்கள். மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையின் எலும்பைவிடத் தடிமனாக இருக்கும். இளவயதிலேயே ஆடத் தொடங்கியவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். எலும்பின்மீது விசை விழும்போது அது தன்னை வலுப்படுத்திக்கொள்கிறது. எனவே ஓட்டம், கயிறு தாண்டுதல், பூப்பந்து, கூடைப்பந்து ஆகியவை நல்லவை.

கட்டுமானத்திற்குச் சுண்ணாம்புச் சத்தும் தேவை. மலேசியாவில் 10 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு குவளைப் பாலில் சுமார் 300 மில்லிகிராம் உள்ளது. முள்ளோடு உண்ணும் நெத்திலி, தயிர், கீரை ஆகியவையும் உதவும். அச்சத்தை உடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். சூரிய ஒளி படும்போது நம் தோலே அதைத் தயாரிக்கிறது.

அப்படியானால், 30 வயதை எட்டியவர்கள் அஞ்ச வேண்டுமா? வேண்டியதில்லை. உடற்பயிற்சியும் சத்துணவும் எந்த வயதிலும் எலும்பு இழப்பைத் தாமதப்படுத்தும். அவர்கள் இருப்பதைக் காக்கிறார்கள். நீங்களோ இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

செய்து பாருங்கள்: நேற்று நீங்கள் உண்ட உணவுகளைப் பட்டியலிடுங்கள். அவற்றில் சுண்ணாம்புச் சத்து உள்ளவை எத்தனை? எத்தனை நிமிடம் ஓடியாடினீர்கள்? இன்று மாலை அக்காவையும் அழைத்துக்கொண்டு பூப்பந்து விளையாடச் செல்லுங்கள். இருவருக்கும் பயன் உண்டு.