ஒளிரும் துகளும் ஒளிந்திருக்கும் நோயும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

மனிதன் நிலவில் கால் பதித்துவிட்டான், அணுவைப் பிளந்துவிட்டான். ஆயினும் தன் உடலுக்குள் ஒளிந்து வளரும் புற்றுநோய்ச் செல்களைத் தொடக்கத்திலேயே காண முடியாமல் இன்றும் திணறுகிறான். கைக்குத் தட்டுப்படும் கட்டியாக அது வளர்வதற்குள் கோடிக்கணக்கான செல்கள் பெருகிவிடுகின்றன. ஒளி வீசும் நுண்துகள்களைக் கொண்டு அவற்றைக் கண்டறியும் முயற்சியைப் பற்றி நான் படித்து அறிந்தவற்றைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். துகளை ஒளிரச் செய்வது பாதி வேலைதான். அது உரிய இடத்தைச் சென்றடைவதும், வேலை முடிந்தபின் உடலைவிட்டு வெளியேறுவதுமே கடினமான மீதிப் பாதி என்பதை இங்குக் காண்போம்.

அளவே நிறம்

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் உடலின் செல் ஒன்று ஏறத்தாழ 10,000 நானோமீட்டர் அகலமுடையது. நாம் பேசப்போகும் துகளோ 5 நானோமீட்டர் அளவே உடையது. துகளை ஒரு கடுகு என்று கொண்டால், செல் ஒரு சிறிய அறையாகும்.

காட்மியம் செலினைடு என்னும் குறைகடத்தியை இவ்வளவு சிறிதாக்கினால் அதற்குக் ‘குவாண்டம் புள்ளி’ என்று பெயர். இதன் இயல்பை அறிய நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. நம் பாடத்தில் வரும் ‘பெட்டிக்குள் துகள்’ கணக்கே போதும். பெட்டியின் நீளம் பாதியானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று கரும்பலகையில் நிறுவுகிறோம் அல்லவா? அந்த விதி இங்கே கண்ணுக்குத் தெரியும் நிறமாகிறது. புற ஊதா ஒளி பட்டால், ஏறத்தாழ 2 நானோமீட்டர் துகள் நீலமாகவும், 6 நானோமீட்டர் துகள் சிவப்பாகவும் ஒளிரும். பொருள் ஒன்றே, அளவு மாற நிறம் மாறுகிறது.

1980-களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் அலெக்சி எகிமோவ் வண்ணக் கண்ணாடியிலும், 1983-ல் அமெரிக்காவில் லூயி புரூஸ் திரவத்தில் மிதந்த துகள்களிலும் இவ்விளைவை விளக்கினர். 1993-ல் மௌங்கி பவெண்டி ஒரே அளவான தரமிக்க துகள்களைச் செய்யும் முறையை வகுத்தார். இம்மூவரும் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

முகவரி தேடும் துகள்

துகளுக்குக் கண் இல்லை. நோயுற்ற செல் எது, நலமான செல் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? இங்கேதான் உயிரியல் துணைக்கு வருகிறது. சில புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் குறிப்பிட்ட புரதங்கள் அளவுக்கு மீறி நிறைந்திருக்கும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை ‘ஹெர்-2’ என்னும் புரதம் இவ்வாறு மிகுந்திருக்கிறது. பூட்டுக்குச் சாவி போல் அப்புரதத்தோடு மட்டும் பொருந்தும் எதிர்ப்பொருளைத் துகளோடு இணைத்துவிட்டால், துகள் அந்தச் செல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் ஒளிரும்.

குவாண்டம் புள்ளிகளை உயிர்ச் செல்களில் அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று 1998-ல் இரண்டு அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் காட்டின. 2003-ல் ஹெர்-2 புரதமுடைய மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் இம்முறையில் ஒளிரச் செய்யப்பட்டன. வழக்கமான சாயங்கள் ஒளிபட்டு விரைவில் மங்கிவிட, இத்துகள்கள் நெடுநேரம் ஒளிர்ந்தன. 2004-ல் ஷுமிங் நீ குழுவினர், சுண்டெலியின் உடலில் வளர்ந்த மனிதப் புரோஸ்டேட் புற்றுக்கட்டியை வெளியிலிருந்தே காணும்படி ஒளிரச் செய்தனர்.

ஆனால் மனித உடல் எலியைவிடப் பருமனானது. டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரலிடுக்கில் சிவப்பு மட்டுமே கசியும். நீலமும் பச்சையும் சதைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே சிவப்பையும் தாண்டிய அகச்சிவப்பில் ஒளிரும் துகள்களை ஆய்வாளர்கள் நாடினர். 2004-ல் அத்தகைய துகள்களால், பன்றியின் உடலில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்த நிணநீர் முடிச்சைக் கண்டறிந்தனர்.

உள்ளே போனது வெளியே வருமா?

இவற்றையெல்லாம் ஒருநாள் இரவு என் தாயாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். அவருடைய தமக்கை, என் பெரியம்மா, மார்பில் தோன்றிய கட்டியை வெட்கத்தால் ஓராண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்து, பின்னர் அந்நோயாலேயே மறைந்தவர். நான் சொன்னதை முழுவதும் கேட்டபின் தாயார், “அதெல்லாஞ் சரி கண்ணு, உள்ள போன அந்தப் பொடி திரும்ப வெளிய வருமா?” என்றார்.

இத்துறை அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த வினாவும் அதுவே என்றால் மிகையன்று. காட்மியம் ஒரு நச்சு உலோகம். சிறுநீரகத்தில் பல்லாண்டுகள் தங்கிவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுநீரில் சுரங்கக் கழிவாகக் கலந்த காட்மியம், எலும்பை நொறுக்கும் ‘இத்தாய் இத்தாய்’ நோயை உண்டாக்கியதை அந்நாட்டு அரசே 1968-ல் ஒப்புக்கொண்டது. நோயைக் காணச் சென்ற துகளே நோயாகிவிடக் கூடாது.

2007-ல் எலிகளில் நடந்த ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. 5.5 நானோமீட்டருக்கும் குறைவான குவாண்டம் புள்ளிகள் சிறுநீர் வழியே விரைவாக வெளியேறின. பெரியவை தங்கிவிட்டன. நிறத்தை முடிவு செய்யும் அளவே உடலைவிட்டுப் போகும் வழியையும் முடிவு செய்கிறது!

மற்றொரு வழி, காட்மியத்தையே கைவிடுவது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் குழுவினர், மணலின் மூலப்பொருளான சிலிக்காவுக்குள் ஒளிரும் சாயத்தைச் சிறைவைத்து மிகச் சிறிய துகள்களைச் செய்தனர். இவற்றை மனிதரிடம் சோதிக்க 2011-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இசைவளித்தது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் பரவிய ஐந்து நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவுகள் 2014-ல் வெளியாயின. துகள்கள் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறின. நச்சு விளைவு எதுவும் காணப்படவில்லை. 2021-ல் வெளியான ஆய்வில், தலை, கழுத்துப் பகுதியில் மெலனோமா உடையவர்களின் நிணநீர் முடிச்சுகளை அறுவை மருத்துவர்கள் இத்துகள்களின் ஒளியைக் கொண்டு கண்டறிந்தனர்.

முடிவுரை

இத்துகள்களை நோய் தீர்க்கும் மருந்தென்று யாரும் மயங்க வேண்டாம். இவை நோயைக் காட்டும் விளக்குகள் மட்டுமே; அந்த விளக்கும் ஆய்வுக்கூடத்தைக் கடந்து நம் ஊர் மருத்துவமனைக்கு வரவேண்டிய தூரம் இன்னும் உண்டு. அதுவரை ஆறாத புண்ணையும், வலியில்லாத கட்டியையும் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுவதே நம் கையிலுள்ள விளக்கு.

நண்பர்களே! நம்மில் பலர் தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பெட்டிக்குள் துகள் கணக்கைத் தேர்வுத் தாளோடு விட்டுவிடாமல் மேலும் கற்பது நம் ஒரு கடமை. கற்றதை வீட்டிலும் தெருவிலும் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லி, வெட்கத்தாலும் அச்சத்தாலும் நோயை மறைப்போரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது மற்றொரு கடமை. முதற் கடமைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். இரண்டாவதை இன்றே தொடங்கலாம்.