தண்ணி பளிச்னு இருந்தா போதுமா? மீன் தொட்டிக்கு ஒரு சின்னப் பாடம்

மூணாவது செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால்ல இருந்த மீன் தொட்டி பாசி பிடிச்சு மங்கலா கிடந்தது. அது தங்கச்சியோட தொட்டி. அவ ஸ்கூல்ல இருந்து வர்றதுக்குள்ள சுத்தம் செஞ்சு அசத்தலாம்னு நினைச்சேன். நாலு கோல்ட்ஃபிஷ்ஷையும் பக்கெட்டுக்கு மாத்தினேன். கல்லையெல்லாம் கொதிக்கிற தண்ணியில அலசினேன். ஃபில்டர் ஸ்பாஞ்சுக்கு சோப்புத்தூள் போட்டுக் கசக்கினேன். புதுத் தண்ணி நிரப்பினதும் தொட்டி கண்ணாடி மாதிரி இருந்தது.

அஞ்சாவது நாள் மீன்கள் மேல வந்து மூச்சுக்குத் தவிக்க ஆரம்பிச்சது. ஒரு வாரத்துல மூணு மீன் செத்துப்போச்சு. "தண்ணி இவ்ளோ சுத்தமா இருக்கேண்ணா, அப்புறம் ஏன்?"னு தங்கச்சி கேட்டா. எனக்குப் பதில் தெரியல. அப்புறம் தேடிப் படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன். உங்க வீட்ல தொட்டி இருந்தா, நான் செஞ்ச தப்பை நீங்க செய்யாதீங்க.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

மீன் தன் செவுள் வழியா அம்மோனியாவை வெளியே விடுது. மிச்சமான தீனி அழுகினாலும் அம்மோனியாதான் வரும். அதுக்கு நிறம் கிடையாது. அதனால தெளிவான தண்ணியும் விஷமா இருக்கலாம். அம்மோனியா செவுளை அரிச்சிடும், மீனால ஒழுங்கா மூச்சு விட முடியாது.

தொட்டிக்குள்ள இதைச் சரி பண்ற வேலைக்காரங்க பாக்டீரியாக்கள்தான். நைட்ரோசோமோனாஸ் மாதிரி ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கிறதைத் தடுக்கும். நைட்ரோஸ்பைரா மாதிரி இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் அளவோட இருந்தா பெரிய ஆபத்து இல்லை. எல்லாருமே இந்த நைட்ரஜன் சுழற்சியைப் பரீட்சையில படமா வரைஞ்சு மார்க் வாங்கினவங்கதான். அது நம்ம ஹால்லயே ஓடிட்டு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்லை.

முக்கியமான விஷயம்: இந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணியில மிதக்கறது இல்லை. கல்லு மேலயும் ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும்தான் ஒட்டி வாழும். கொதிக்கிற தண்ணியும் சோப்பும் போட்டு நான் கொன்னது அதுங்களைத்தான். திரும்ப முழுசா வளர நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டி வாங்கின அன்னைக்கே மீனை நிறைய விடக் கூடாதுன்னு சொல்றதும் இதனாலதான்.

எந்தக் கல், எவ்வளவு?

பாக்டீரியாவுக்கு வீடு கல்லுன்னா, அழகை மட்டும் பார்த்து வாங்க முடியாது.

சாதாரணத் தொட்டிக்கு 2 முதல் 5 மில்லிமீட்டர் கல் சரியா இருக்கும். பெரிய கூழாங்கல் போட்டா, தீனி இடுக்குல விழுந்து அழுகும். ரொம்ப நைஸ் மணல்ல கழிவு மேலயே நிக்கும், எடுக்கறது சுலபம். ஆனா ஆழமா போட்டா இறுகி, அடியில ஆக்ஸிஜன் போகாது; கிளறினா அழுகின முட்டை வாசனை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கோல்ட்ஃபிஷ் கல்லை வாயில எடுத்துத் துப்பும். அதனால வாயில சிக்காத அளவா, ஒண்ணு மெல்லிய மணல் பரப்பு, இல்லன்னா வாயை விடப் பெரிய கல்லாப் பாருங்க.

வாங்கின கல் மேல ரெண்டு சொட்டு வினிகர் விடுங்க. நுரை வந்தா அதுல சுண்ணாம்பு இருக்கு. சிப்பி, மார்பிள் துண்டு எல்லாம் இந்த ரகம். இது தண்ணியோட பிஹெச்சை ஏத்தும். 25 டிகிரியில, பிஹெச் 7-ல மொத்த அம்மோனியாவுல சுமார் 0.6 சதவீதம்தான் விஷ வடிவத்துல இருக்கும். பிஹெச் 8-ல அது 5 சதவீதத்தைத் தாண்டிடும். அழுக்கு அதே அளவுதான், ஆபத்து மட்டும் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு.

அளவுக்கு ஒரு கணக்கு: 60 × 30 சென்டிமீட்டர் அடிப்பரப்புல 4 சென்டிமீட்டர் உயரம்னா 7.2 லிட்டர். லிட்டருக்கு ஒன்றரை கிலோன்னு வெச்சா, 11 கிலோ கல் போதும்.

கல்லே இல்லாத தொட்டியும் தப்பில்லை. கழுவுறது சுலபம். ஆனா அப்போ பாக்டீரியாவோட முழு பாரமும் ஃபில்டர் மேல வரும்.

சுத்தம் எப்படி?

1. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துங்க. சைஃபன் குழாயைக் கல்லுக்குள்ள விட்டு, அடியில இருக்கிற கழிவோட சேர்த்து உறிஞ்சுங்க.

2. குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா, ஒரு நாள் வாளியில திறந்து வைங்க, இல்லன்னா ஆன்டி-குளோரின் சொட்டு விடுங்க.

3. ஸ்பாஞ்சை, தொட்டியில இருந்து எடுத்த பழைய தண்ணியிலயே அலசுங்க. சோப்பு கூடவே கூடாது.

4. கல்லையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாள்ல சுத்தம் பண்ணாதீங்க.

5. ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு தீனி போதும்.

கால்வாசி மாத்தினா போதுமான்னு கேட்டா, கணக்குப் போடுங்க. வாரம் 10 பிபிஎம் நைட்ரேட் சேருது, 25 சதவீதம் வெளியே போகுதுன்னா, உச்ச அளவு 10 ÷ 0.25 = 40 பிபிஎம்ல நின்னுடும். அதுக்கு மேல ஏறாது. அது அதிகம்னு நினைச்சா மீனையோ தீனியையோ குறைக்கணும். 54 லிட்டர்ல நாலு கோல்ட்ஃபிஷ்ங்கிறதே எங்க வீட்ல அதிகம்தான்.

மிஞ்சின ஒரு மீனுக்காக, மூணு வாரம் தினமும் கால்வாசித் தண்ணி மாத்தினோம். அது பொழைச்சுக்கிச்சு. இப்போ தொட்டியைத் தங்கச்சிதான் பார்த்துக்கறா. கண்ணாடியில கொஞ்சம் பாசி இருக்கும், அவ கண்டுக்கறதில்லை. லீவுக்குப் போனா வாளி தூக்குறது மட்டும்தான் என் வேலை.