இல்லாத விமானத்தைச் செய்பவருக்கு

அன்புள்ள தங்கைக்கு,

ஃப்ளைட் சிமுலேட்டருக்காக ஒரு கலப்பிறக்கைப் பயணி விமானத்தைச் செய்துகொண்டிருக்கிறாய் என்றும், முடிந்ததும் காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுக்கப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். உடல் எங்கே முடிகிறது, இறக்கை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த வடிவம் யாரையும் இழுக்கும். "முதலில் எதில் கை வைப்பது?" என்று கேட்டிருக்கிறாய். இதே வேலையில் இறங்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

போயிங் 737-ஐச் செய்பவருக்கு ஒரு வசதி உண்டு. அதை நிஜமாகவே ஓட்டும் விமானிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். "இந்த எடையில் இந்த வேகத்தில் மூக்கு இப்படித் தூக்காது" என்று அவர்களில் ஒருவர் சொன்னால் போதும், பிழை தெரிந்துவிடும். உன் விமானத்தை அப்படிச் சொல்லித் திருத்த ஆளில்லை. பயணிகள் சேவையில் கலப்பிறக்கை விமானம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை. நீ எந்த எண்ணைப் போட்டாலும் சிமுலேட்டர் ஏற்றுக்கொள்ளும். பறக்கவிடுகிறவரும் நம்பிவிடுவார். அதனால்தான் உன் பொறுப்பு மற்றவர்களுடையதைவிடப் பெரியது. நான் சொல்ல வந்தது இதுதான்: நீ போடும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும்.

காரணங்களைத் தேடிப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டாய். இந்த வடிவத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆய்வு வரலாறு உண்டு. நெடுந்தூர விமானம் என்றால் குழாய் உடலும் அதில் ஒட்டிய இறக்கையும்தானா, வேறு வழி இல்லையா என்ற கேள்வியை 1988-இல் நாசாவின் டென்னிஸ் புஷ்னெல் எழுப்பினார். கலிபோர்னியாவின் லாங் பீச்சில் மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் லீபெக், மார்க் பேஜ், பிளெய்ன் ராடன் ஆகியோர் அந்தக் கேள்விக்கு உருவம் கொடுத்தார்கள். 800 பயணிகள், 7,000 கடல் மைல் தூரம் என்ற அளவில் அவர்கள் கணக்கிட்ட வடிவம், அதே தலைமுறை எஞ்சின்கள் பூட்டிய வழக்கமான விமானத்தைவிட 27 சதவீதம் குறைவாக எரிபொருள் குடிக்கும், புறப்படும் எடை 15 சதவீதம் குறையும் என்று தெரிந்தது. லீபெக் 2004-இல் 'ஜர்னல் ஆஃப் ஏர்கிராஃப்ட்' இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் பாலபாடம். அதைப் படிக்காமல் ஒரு வரியும் எழுதாதே. ஆனால் அவை தாளில் போட்ட கணக்குகள் என்பதை மறக்காதே.

பறந்து பார்த்த சான்றும் இருக்கிறது. போயிங்கும் நாசாவும் சேர்ந்து பறக்கவிட்ட எக்ஸ்-48பி, முழு விமானத்தின் 8.5 சதவீத அளவில் செய்த ஆளில்லா மாதிரி. இறக்கை அகலம் 6 மீட்டருக்குச் சற்று மேல். எடை 500 பவுண்டு அளவு. 2007 ஜூலை 20 அன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் முதன்முதலாகப் பறந்தது. 2010 மார்ச்சுக்குள் 92 முறை பறந்துவிட்டது. மூன்று எஞ்சின்களை இரண்டாக்கி மாற்றியமைத்த எக்ஸ்-48சி, 2012 ஆகஸ்ட் முதல் 2013 ஏப்ரல் வரை 30 முறை பறந்தது. தரையில் இருந்த அறையில் உட்கார்ந்துதான் விமானி அதை ஓட்டினார். அந்த ஆய்வாளர்கள் அதை அழகாகப் பறக்கவிட்டுப் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. வேண்டுமென்றே ஸ்டாலுக்குள் கொண்டுபோனார்கள். கட்டுப்பாட்டு மென்பொருள் போட்ட எல்லையை முட்டிப் பார்த்தார்கள். உன் விமானத்துக்கும் அதே மரியாதையைக் கொடு.

இனி பறக்கும் தன்மைக்கு வருகிறேன். நீ அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

வழக்கமான ஜெட்டில் வால் வெகு பின்னால் இருக்கிறது. நீளமான கடப்பாரையால் பாறையைப் புரட்டுவதுபோல, சின்ன வால் இறகு பெரிய உடலின் மூக்கைச் சுலபமாக ஏற்றி இறக்கிவிடும். உன் விமானத்தில் அந்த நீளம் கிடையாது. மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் பின்விளிம்பில் உள்ள எலிவான்களின் வேலை. அவை ஈர்ப்பு மையத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. இந்த ஒரு உண்மையிலிருந்து பல விளைவுகள் வரிசையாக வரும்.

முதலாவது, ஃப்ளாப். ஃப்ளாப்பை இறக்கினால் மூக்கு கீழே தள்ளப்படும். அதைச் சமன்செய்ய வால் இல்லாததால் வழக்கமான ஃப்ளாப்பை இங்கே வைக்க முடியாது. பரந்த உடலே தூக்கும் விசையைத் தருவதாலும், பரப்போடு பார்த்தால் எடை குறைவு என்பதாலும் சமாளிக்கலாம்; ஆனால் தரையிறங்கும்போது மூக்கு நன்றாக உயர்ந்திருக்கும். ஆகவே 777-இன் ஃப்ளாப் அட்டவணையை எடுத்து இங்கே ஒட்டாதே.

இரண்டாவது, புறப்பாடு. மூக்கைத் தூக்க எலிவான் மேலே மடங்கும்போது இறக்கையின் தூக்குவிசையே சற்றுக் குறைகிறது. பிரதான சக்கரங்களை ஈர்ப்பு மையத்துக்கு வெகு பின்னால் வைத்துவிட்டால், ஓடுபாதை முடியும்வரை மூக்கு எழாது. சக்கரம் நிற்கும் இடத்தைப் படத்தின் அழகுக்காக முடிவு செய்யாதே, கணக்கால் முடிவு செய்.

மூன்றாவது, எஞ்சின். அவை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கீழே இருப்பவர்களுக்கு இரைச்சல் குறைய அது உதவும். ஆனால் தள்ளுவிசை ஈர்ப்பு மையத்துக்கு மேலே செல்வதால், திராட்டிலைக் கூட்டும்போது மூக்கு தாழப் பார்க்கும். இறக்கைக்கு அடியில் எஞ்சின் தொங்கும் விமானத்தில் பழகிய கைக்கு இது நேர் எதிர். இந்த வேறுபாட்டை உணரச் செய்தால் உன் ஆட்-ஆன் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டது என்று பொருள்.

எந்த சிமுலேட்டருக்குச் செய்கிறாய் என்பதைப் பொறுத்து வழி மாறும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் அமைப்புக் கோப்புகளில் வால் இறகின் பரப்பு, இடம் முதலியவற்றைக் கேட்கும் வரிகள் உண்டு. வேறொரு ஜெட்டின் கோப்பை நகலெடுத்து அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வால் உன் விமானத்தைத் தாங்கிக்கொண்டே பறக்கும். வெளியே கலப்பிறக்கை, உள்ளே பழைய ஜெட். இதைச் செய்யவே செய்யாதே. எக்ஸ்-பிளேன் இறக்கையைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மீதும் படும் விசையைக் கணக்கிடுகிறது. அங்கே நடு உடலையும் இறக்கைப் பகுதிகளாகவே வகுத்துக் கொடு. வெறும் உடலாக வரைந்தால் அது தூக்க வேண்டிய சுமையைத் தூக்காது. ஃபிளைட்கியரில் ஜேஎஸ்பிசிம் என்ற பறத்தல் கணக்கு மென்பொருள் வழியாகப் போனால், விசைகளின் அட்டவணைகளை நீயே எழுதலாம். வேலை கூடுதல், ஆனால் ஒவ்வொரு அட்டவணைக்கும் பக்கத்திலேயே காரணத்தைக் குறிப்பாக எழுதி வைக்கலாம்.

ஆட்டோபைலட்டையும் ஃப்ளை-பை-வயர் மென்பொருளையும் கடைசியில் சேர். இந்த வகை விமானத்துக்குக் கணினி உதவி தேவை என்பது உண்மைதான். ஆனால் உதவியில்லாத வெற்று உடல் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகே அதைப் போர்த்த வேண்டும். ஈர்ப்பு மையத்தைப் பின் எல்லைக்குத் தள்ளிப் பறக்கவிடு. புறப்படும்போது ஒரு எஞ்சினை நிறுத்திப் பார். பலத்த குறுக்குக் காற்றில் இறக்கு. நடந்ததையெல்லாம் எழுதி வை. வண்ணமும் லிவரியும் அதற்குப் பிறகு வரட்டும்.

உள்ளறையை வடிவமைக்கும்போது மனிதர்களை நினைத்துக்கொள். விமானம் பக்கவாட்டில் சாயும்போது, நடுவிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பவர் கூடுதலாக ஏறி இறங்குவார். பலருக்கு ஜன்னல் இருக்காது. பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. அகன்ற அறையில் வாசல்களை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. இறக்கை அகலத்தையும் பார்த்துக்கொள். மிகப் பெரிய விமானங்களுக்கான சர்வதேச விமான நிலைய வகுப்பின் எல்லை 80 மீட்டர். ஏ380 அதற்குள் மயிரிழையில் அடங்குகிறது.

இப்போது நேர்மையைப் பற்றி. 2006 வாக்கில் ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் சுற்றியது. ஆயிரம் பேர் ஏறும் 'போயிங் 797' கலப்பிறக்கை விமானம் வரப்போகிறது என்று அது படத்தோடு சொன்னது. அப்படி ஒரு விமானத் திட்டம் இல்லை என்று போயிங் மறுத்தது. மறுத்த பிறகும் செய்தி ஓயவில்லை. ஆண்டுகள் கழித்தும் அந்தப் படம் புதிய செய்தியாகப் பகிரப்பட்டது. இன்றைய சிமுலேட்டரில் எடுக்கும் படம் அந்தப் பழைய ஓவியத்தைவிடப் பல மடங்கு நிஜமாக இருக்கும். உன் விமானத்துக்கு நிஜ நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் சூட்டினால் அதே பொய்க்கு நீ புது உயிர் கொடுக்கிறாய். சொந்தப் பெயர் வை. ரீட்மீ கோப்பின் முதல் வரியிலேயே இது கற்பனை வடிவமைப்பு என்று எழுது. அதற்குக் கீழே மூன்று பட்டியல்கள் போடு: ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுத்த எண்கள், நீயே கணக்கிட்டவை, ஊகித்தவை. ஊகம் என்று ஒப்புக்கொண்ட எண்ணால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

இலவசமாகக் கொடுப்பதால் தரம் குறையலாம் என்று நினைக்காதே. ஃபிளைட்கியரைத் தன்னார்வலர்கள் 1997-லிருந்து வளர்த்துவருகிறார்கள். ஃப்ளைபைவயர் என்ற குழு செய்த ஏ32என்எக்ஸ் விமான ஆட்-ஆன் இலவசமாகவும் மூலநிரல் திறந்தும் கிடைப்பதால்தான் அத்தனை பேர் கைகொடுக்க அது வளர்ந்தது. நீயும் பிளெண்டர் கோப்பையும் கணக்குத் தாள்களையும் சேர்த்தே கொடு. லைசென்ஸைத் தெளிவாக எழுது. பிறர் செய்த காக்பிட்டையோ ஒலிக் கோப்பையோ பயன்படுத்தினால் அனுமதி வாங்கு, பெயரைச் சொல். சாதாரணக் கணினி வைத்திருப்பவரும் பறக்கவிடும்படி டெக்ஸ்சர்களின் அளவைக் கட்டுப்படுத்து.

கடைசியாக ஒன்று. உன்னைத் திருத்த ஆளில்லை என்று சொன்னேனே, அந்த நிலை நீடிக்காது. 2023 ஆகஸ்டில் அமெரிக்க விமானப்படை, மார்க் பேஜ் இணைந்து தொடங்கிய ஜெட்ஸீரோ நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, முழு அளவில் ஒரு கலப்பிறக்கை விமானத்தைச் செய்து காட்ட 23.5 கோடி டாலர் ஒதுக்கியது. அதைப் பறக்கவிட அவர்கள் வைத்த இலக்கு 2027. அது பறக்கும் நாளில் உன் எண்களை எடுத்து அதன் அருகே வைத்துப் பார். காரணத்தை எழுதி வைத்திருந்தால் எங்கே தவறினாய் என்று உனக்கே தெரியும். திருத்தி அடுத்த பதிப்பை வெளியிடலாம். அதற்கான குறிப்பேட்டை இன்றே தொடங்கு.

அன்புடன்,
உன் அண்ணன்